செஷனை எங்கே வைப்பது: இரண்டு சர்வருக்கு விரியும் ஒரு கடைக்கான தேர்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பூசைப் பொருள்களும் மளிகையும் விற்கும் ஒரு நடுத்தரக் கடை, தன் இணைய விற்பனையை ஒரு சர்வரிலிருந்து இரண்டு சர்வருக்கு விரிவாக்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். தைப்பூசக் காவடிக்கு முந்தைய நாள்கள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வாரங்கள், புரட்டாசி விரதம், தீபாவளி ஆகிய காலங்களில் மட்டும் கூட்டம் பெருகும். ஆண்டின் மற்ற நாள்களுக்கு ஒரு சர்வரே போதும். நிரல் ஜாவாவில் எழுதப்பட்டு, ஜாவா இணைய நிரல்களை இயக்கும் டாம்கேட்டில் ஓடுகிறது, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், வாங்குவோர் பெரும்பாலும் கைப்பேசியில் வருகிறார்கள். வாங்குபவர் யார், அவர் கூடையில் என்ன இருக்கிறது, பொருளைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்புவதா பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு அனுப்புவதா என்பன போன்ற, ஒருவரின் வருகை நெடுக நினைவில் வைக்க வேண்டிய செஷன் விவரங்கள் அனைத்தும் இதுவரை அந்த ஒரே சர்வரின் நினைவகத்தில் இருந்தன. இரண்டாவது சர்வர் வந்ததும் அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் எடுக்க வேண்டிய முடிவு.

இதற்கு நான்கு வழிகள் உண்டு: சர்வரின் நினைவகத்திலேயே விட்டுவிடலாம், பிரவுசரிடமே கொடுத்துவிடலாம், தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ் போன்ற தனிக் கிடங்கில் வைக்கலாம், ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக வைக்கலாம். இடத்தைப் பற்றிய இந்தக் கேள்வியைத்தான் பலரும் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரே செஷனை இரண்டு த்ரெட்கள் (சர்வருக்குள் இணையாக ஓடும் தனித்தனி வேலை இழைகள்) ஒரே கணத்தில் மாற்ற முயன்றால் என்ன ஆக வேண்டும்? இதற்கு விடை சொல்லாமல் இடத்தை மட்டும் மாற்றினால், பிழையும் கூடவே இடம் மாறிச் செல்லும். ஒருவரோ இருவரோ மட்டும் நிரல் எழுதிப் பராமரிக்கும் கடைத் தளங்களையும் கோயில் மண்டபப் பதிவுத் தளங்களையும் மனத்தில் வைத்தே இவ்வழிகளை ஒப்பிடுகிறேன். நூறு பேர் பணியாற்றும் நிறுவனத்துக்குப் பொருந்தும் விடை இங்கே பொருந்த வேண்டியதில்லை.

ஒரே பயனர், ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள்

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தே வந்து தனித்தே முடிகிறது. 1994-இல் நெட்ஸ்கேப் பிரவுசர் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டூலி, பிரவுசர் சேமித்து வைத்து ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பான குக்கியை உருவாக்கியதே, இந்த மறதியின் நடுவே ஒரு வாங்குபவரின் கூடையைத் தொடர்ந்து வைத்திருக்க ஒரு வழி வேண்டும் என்பதற்காகத்தான். குக்கியில் ஓர் அடையாள எண்ணை மட்டும் வைத்து, மற்ற விவரங்களைச் சர்வரில் அந்த எண்ணின் கீழ் வைப்பது பின்னர் வழக்கமாயிற்று. சர்வரோ, வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் தன் த்ரெட் தொகுப்பிலிருந்து ஏதேனும் ஒரு த்ரெட்டிடம் ஒப்படைக்கிறது. அமைப்பை மாற்றாவிட்டால், டாம்கேட்டில் அத்தொகுப்பின் உச்சவரம்பு 200.

ஒரு பயனர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் அனுப்புவார் என்று நினைத்து எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். அந்த நினைப்பு சரியன்று. பக்கம் ஒன்று திறக்கும்போதே பிரவுசர் பல கோரிக்கைகளை இணையாக அனுப்புகிறது. ஒருவர் இரண்டு டேப்களைத் திறந்து வைத்திருப்பார். சிக்னல் வலுவற்ற இடத்தில் பொத்தானை அழுத்தியவர், ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடியும் அழுத்துவார். முதல் கோரிக்கை அப்போதும் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றிலும் ஒரே செஷன் இரண்டு மூன்று த்ரெட்களின் கையில் ஒருங்கே இருக்கிறது.

கூடையில் கற்பூரம் மட்டும் இருக்கிறது. ஒரு டேப்பில் தேங்காயும் மற்றொன்றில் வெற்றிலையும் சேர்க்கப்படுகின்றன. இரு த்ரெட்களும் பழைய கூடையைப் படிக்கின்றன, தத்தம் பொருளைச் சேர்க்கின்றன, திருப்பி எழுதுகின்றன. கடைசியாக எழுதியது நிலைக்கும்; மற்றது காணாமற்போகும். ஒரே கணக்குப் பக்கத்தை இருவர் பிரதியெடுத்துச் சென்று, ஆளுக்கொரு வரி சேர்த்து, வந்து ஒருவர் பக்கத்தின் மேல் மற்றவர் தம் பக்கத்தை ஒட்டிவிடுவதைப் போன்றது இது. சர்வரின் பதிவேட்டுக் கோப்பில் எந்தப் பிழையும் பதிவாகாது. பொட்டலம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, தேங்காய் எங்கே என்று வாடிக்கையாளர் கேட்கும்போதுதான் அது தெரியவரும். கூட்டம் குறைந்த நாள்களில் சோதித்தால் இது அகப்படுவதும் அரிது.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு; அவற்றைப் பிரித்தறிவது இந்த ஒப்பீடு முழுவதற்கும் அடிப்படை. செஷன் ஒரே சர்வரின் நினைவகத்தில் இருந்தால், இரண்டு த்ரெட்களும் உண்மையாகவே நினைவகத்தில் உள்ள ஒரே தரவுப் பொருளைத் (ஆப்ஜெக்ட்) தொடுகின்றன. அப்போது விவரம் தொலைவது மட்டுமன்றி, பொருளின் உள்ளமைப்பே சிதையக்கூடும். ஜாவா 7 வரையிலான ஹேஷ்மேப்பை (பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் அட்டவணையை) இரு த்ரெட்கள் ஒருங்கே விரிவடையச் செய்தால் அது முடிவற்ற சுழலில் சிக்கி ஒரு பிராசசரையே விழுங்கிவிடக்கூடும் என்பது பலரும் அனுபவித்த ஒன்று. செஷன் வெளியே ஒரு கிடங்கில் இருந்தாலோ, ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஒரு பிரதியை எடுத்துக்கொள்கிறது. சிதைவு நேராது, ஆனால் கடைசியில் எழுதியவர் வெல்லும் நிலை அப்படியே இருக்கும். முதல் வடிவத்துக்கு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் ஜாவாவின் பூட்டுகள் மருந்து; இரண்டாவதற்கு அவை சிறிதும் உதவா.

சர்வரின் நினைவகத்திலேயே வைப்பது

வேகத்தில் இதற்கு இணை கிடையாது. வலையமைப்பும் இல்லை, பிரதியெடுப்பும் இல்லை. ஆனால் ஜாவா இணைய நிரல்களுக்கான விதிகளைக் கூறும் சர்வ்லெட் விவரக்குறிப்பு பொறுப்பை எங்கே பிரிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: செஷனின் உள் அட்டவணையைப் பாதுகாப்பது கண்டெய்னரின் (டாம்கேட் போன்ற இயக்கியின்) கடமை, அந்த அட்டவணையில் நாம் வைக்கும் பொருள்களைப் பாதுகாப்பது நம் கடமை. கூடையைச் சாதாரணப் பட்டியலாக வைத்துவிட்டு, சர்வர் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. பல த்ரெட்களைத் தாங்கும் கன்கரன்ட்ஹேஷ்மேப்பைப் பயன்படுத்தினால் சிதைவு நீங்கும். எனினும் படித்துப் பார்த்து, பிறகு முடிவு செய்து எழுதும் இரண்டு படிகளுக்கு இடையில் மற்றொரு த்ரெட் நுழைவதை அது தானாகத் தடுக்காது. இரு படிகளையும் ஒன்றாகச் செய்யும் அதன் தனி அழைப்புகளைத் தேர்ந்து பயன்படுத்த வேண்டும்.

செஷன் பொருளையே பூட்டாகப் பயன்படுத்துவோரும் உண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதே பொருளைத்தான் தருவோம் என்று விவரக்குறிப்பு எங்கும் உறுதி கூறவில்லை. செஷனைச் சுற்றிய மேலுறைப் பொருள் ஒன்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தரப்பட்டால் இரு த்ரெட்களும் இரு வேறு பூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாக மோதிக்கொள்ளும். ஜாவாவின் ஸ்பிரிங் கட்டமைப்பு இதற்கெனவே செஷனுக்குள் ஒரு தனிப் பூட்டுப் பொருளை வைத்துக்கொள்ளும் வசதியைத் தருகிறது. அதைப் பயன்படுத்துவதே முறை.

இங்கே, ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென வைத்துக்கொள்ளும் சேமிப்பிடமான த்ரெட்லோக்கலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயனரின் பெயரையும் உரிமைகளையும் த்ரெட்லோக்கலில் வைத்தால் எந்த வகுப்பிலிருந்தும் எளிதாக எடுக்கலாம் என்பதால் பலரும் அதை நாடுகிறார்கள். ஆனால் தொகுப்பில் உள்ள த்ரெட் சாவதில்லை. ஒரு கோரிக்கையை முடித்துவிட்டு அடுத்த கோரிக்கைக்குப் போகிறது. கோரிக்கையின் முடிவில், பிழை நேர்ந்த வழியிலும்கூட, அதைத் துடைக்காவிட்டால், முந்தைய பயனரின் விவரம் அடுத்த பயனருக்குத் தெரியும். கூடையில் தேங்காய் தொலைவது இழப்பு. ஒருவரின் முகவரி மற்றொருவருக்குத் தெரிவது சட்டப்படியும் குற்றமாகக்கூடியது. தென்னாப்பிரிக்காவின் போப்பியா சட்டம், அதாவது 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டம், 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டியதாயிற்று. தனிநபர் தகவலைக் காக்க நியாயமான தொழில்நுட்ப ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பை அதன் 19-ஆம் பிரிவு தகவலை வைத்திருப்பவர் மேல் சுமத்துகிறது. கடை சிறியது என்பதால் அந்தப் பொறுப்பு நீங்குவதில்லை. 2023-இல் வந்த ஜாவா 21-இன் மெய்நிகர் த்ரெட்கள் கோரிக்கைக்கு ஒன்றாகப் பிறந்து முடிவதால் இந்தக் கசிவு குறையும். ஆனால் 200 என்ற வரம்பும் அங்கே இல்லாததால், ஒரே செஷனில் ஒருங்கே நுழையும் த்ரெட்களின் எண்ணிக்கை கூடவும் செய்யும்.

இரண்டு சர்வர் என்றானதும், ஒரு பயனரின் கோரிக்கைகள் எல்லாம் ஒரே சர்வருக்கே செல்லுமாறு, கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரில் ஒட்டவைக்க வேண்டும். ஐ.பி. முகவரியை வைத்து ஒட்டவைப்பது கைப்பேசிப் பயனர்களுக்குப் பயன்படாது. வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்ததும் முகவரி மாறும், மொபைல் வலையமைப்பிலோ எண்ணற்றோர் ஒரே முகவரியின் பின்னால் இருப்பார்கள். குக்கியை வைத்தே ஒட்டவைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும், சர்வர் ஒன்று விழுந்தால் அதிலிருந்த கூடைகள் அனைத்தும் போய்விடும். டாம்கேட் முறையாக நிறுத்தப்படும்போது செஷன்களைக் கோப்பில் சேமித்து, திரும்ப எழும்போது மீட்டுக்கொள்ளும். மின்சாரம் திடீரென்று போனால் அதற்கு வாய்ப்பே கிடையாது. லோட் ஷெட்டிங் என்னும் சுழற்சி மின்வெட்டு 2023-இல் ஆறாம் நிலை வரை சென்றதை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு நிலைமை வெகுவாகச் சீரடைந்திருக்கிறது என்றாலும், கடையின் பின்னறையில் இன்வெர்ட்டரை நம்பி ஓடும் சர்வருக்கு அந்த அச்சம் நீங்கிவிடவில்லை. கிளவுடில் ஓடினாலும், புதிய பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் சர்வர் விழுந்து எழத்தான் வேண்டும்.

டாம்கேட் சர்வர்கள் தமக்குள் செஷன்களைப் பிரதியெடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. இயல்பமைப்பில் அப்பிரதி பின்னணியில் செல்கிறது; பயனருக்குப் போகும் பதில் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே ஒட்டவைத்தல் அப்போதும் தேவைப்படுகிறது. இரண்டு சர்வருக்கு இதை அமைப்பதில் செலவாகும் உழைப்பு, செஷனை வெளியே எடுப்பதற்கான உழைப்பைவிடக் குறைவாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே சர்வராக நீடிப்பவர்களுக்கு நினைவகம் நல்ல இடம். இரண்டாவது சர்வர் வரும் நாளில் அதை விட்டு வெளியேறுவதே நல்லது.

பிரவுசரிடமே கொடுத்துவிடுவது

கையொப்பமிட்ட குக்கியிலோ, 2015-இல் ஆர்.எஃப்.சி. 7519 என்ற இணையத் தரநிலையாக வெளிவந்த, கையொப்பமிட்ட தரவுச் சீட்டான ஜே.டபிள்யூ.டி. வடிவிலோ செஷன் முழுவதையும் பிரவுசருக்கு அனுப்பிவிட்டால், சர்வரில் எதையும் வைக்க வேண்டியதில்லை. எந்தச் சர்வர் வேண்டுமானாலும் எந்தக் கோரிக்கைக்கும் பதிலளிக்கலாம். இந்த எளிமை பலரை ஈர்க்கிறது. கடைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலாவதாக, மோதல் இங்கே நீங்கவில்லை. பூட்டுவதற்கு இடமே இல்லாமற்போகிறது. இரண்டு டேப்களின் பதில்களும் தத்தம் குக்கியைக் கொண்டுவருகின்றன. பின்னால் வந்து சேர்ந்தது முன்னதை அழிக்கிறது. வலையமைப்பின் தாமதம்தான் வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது. சர்வர் தலையிட முடியாது. இரண்டாவதாக, கையொப்பம் மாற்றத்தைத் தடுக்குமே தவிர, பழைய குக்கி ஒன்றைப் பயனர் திரும்ப வைப்பதைத் தடுக்காது. தள்ளுபடிக் கூப்பன் பயன்பட்டதா என்ற விவரம் குக்கியில் இருந்தால், பழைய குக்கியை வைத்து அதே கூப்பனை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். மூன்றாவதாக, கணக்கைத் திருட்டுக் கொடுத்தவர் வெளியேறு என்று அழுத்தினாலும், எங்கோ நகலெடுக்கப்பட்ட ஜே.டபிள்யூ.டி. தன் காலம் முடியும்வரை செல்லும். அதைச் செல்லாததாக்க ஒரு பட்டியலைச் சர்வரில் வைத்தால், எதைத் தவிர்க்க இந்த வழிக்கு வந்தோமோ அதே கிடங்கு திரும்பி வந்துவிடுகிறது.

அளவையும் பார்க்க வேண்டும். ஒரு குக்கிக்குப் பிரவுசர்கள் தரும் இடம் ஏறத்தாழ 4,096 பைட். அதை நிரப்பிவிட்டால், அத்தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அது சேர்ந்தே போகும். ஒரு பக்கத்துக்கு 30 கோரிக்கைகள் என்றால், ஏறத்தாழ 120 கிலோபைட் மேலேற்றம் குக்கிக்கே ஆகிறது. முன்பணம் கட்டி டேட்டா வாங்குவோரின் பணத்தில் இது நடக்கிறது என்பதை நிரல் எழுதுபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த மொழியில் பக்கத்தைக் காட்டுவது போன்ற, தொலைந்தாலும் திருடப்பட்டாலும் தீங்கில்லாத சிறு விருப்பங்களுக்குக் குக்கி மிகப் பொருத்தம். அதற்கு மேல் வேண்டாம்.

ரெடிஸ்

2009-இல் சால்வடோர் சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸ், கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நிறைவேற்றுகிறது. ஆகவே எந்த ஒரு கட்டளையும் பாதியில் குறுக்கிடப்படாது. இந்தப் பண்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: கட்டளை குறுக்கிடப்படாது என்பது உண்மை, எடுத்து வந்து, நம் நிரலில் மாற்றி, திருப்பி வைக்கும் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே யாரும் நுழைய மாட்டார்கள் என்பது உண்மையன்று. கூடையை ஒரே பொட்டலமாக எடுத்து வைத்தால், தேங்காய் இங்கேயும் தொலையும்.

ரெடிஸின் உண்மையான பலம், தரவின் வடிவத்தை மாற்ற அது இடந்தருவதில் இருக்கிறது. கூடையை ஒரு ஹேஷாக (புலமும் மதிப்புமாக அமைந்த பட்டியலாக) வைத்து, பொருளின் எண்ணைப் புலமாகவும் அளவை மதிப்பாகவும் கொண்டு, சேர்ப்பதற்கு அளவைக் கூட்டும் ஒற்றைக் கட்டளையைப் பயன்படுத்தினால், இரண்டு டேப்கள் என்ன, இருபது டேப்கள் ஒருங்கே சேர்த்தாலும் எதுவும் தொலையாது. பூட்டே இல்லாமல் மோதல் மறைகிறது. பல படிகள் தேவைப்பட்டால் லுவா மொழியில் ஒரு சிறு நிரலை ரெடிஸுக்குள்ளேயே ஓடவிடலாம். காலவரையுள்ள பூட்டை ரெடிஸில் வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. ஆனால் பூட்டைப் பிடித்த ஜாவா நிரல் குப்பை நீக்கத்துக்காக (பயன்படாத நினைவகத்தைத் திரும்பப் பெறுவதற்காக) நின்றுவிட்ட நேரத்தில் பூட்டின் காலம் முடிந்தால், வேறொருவரும் அதே பூட்டைப் பெற்றுவிடுவார். நின்றவர் எழுந்து, தம்மிடம் இன்னும் பூட்டு இருப்பதாக நம்பி எழுதுவார். பணம் சம்பந்தப்பட்ட எதையும் இதன் மேல் நிறுத்தக்கூடாது.

ஸ்பிரிங் செஷன் நூலகத்தைச் சேர்த்தால், பழைய நிரலை அதிகம் தொடாமலே செஷன்கள் ரெடிஸுக்குப் போய்விடும். அது செஷனில் பெயரிட்டு வைத்த ஒவ்வொரு விவரத்தையும் (அட்ரிபியூட்) தனிப் புலமாக வைத்து, மாறியவற்றை மட்டும் எழுதுகிறது. இரு கோரிக்கைகள் இரு வேறு அட்ரிபியூட்களை மாற்றினால் மோதாது. ஆனால் நினைவகத்திலிருந்து மாறி வருவோர் ஒன்றைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். கூடை என்னும் ஆப்ஜெக்டை எடுத்து, அதற்குள்ளே தேங்காய் போன்ற ஒன்றைச் சேர்த்துவிட்டு, செஷனில் அதை மறுபடி வைக்காமல் விட்டால், நினைவகத்தில் அது சரியாகவே நடந்திருக்கும். இங்கே இயல்பமைப்பில் அந்த மாற்றம் சேமிக்கப்படாது. பிழைச் செய்தியும் வராது.

இயக்கும் பொறுப்புகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். மறுபடி பெறக்கூடிய தரவின் தற்காலிக நகலான கேச்சையும் செஷனையும் ஒரே ரெடிஸில் வைத்து, நினைவகம் நிரம்பினால் பழையனவற்றைத் தள்ளிவிடு என்று அமைத்தால், தீபாவளிக் கூட்டத்தில் அது செஷன்களையும் தள்ளிவிடும். இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். வட்டில் எழுதும் பதிவைப் பரவலாக அமைக்கப்படுவது போல விநாடிக்கு ஒருமுறை உறுதிசெய்தால், மின்சாரம் போகும்போது ஏறத்தாழ ஒரு விநாடி எழுத்து தொலையலாம். உரிமத்தைப் பொறுத்தவரை, 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் திறந்த உரிமத்தைக் கைவிட்டதும், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளை தோன்றியது; 2025-இல் ரெடிஸ் 8 திறந்த உரிமம் ஒன்றை மறுபடி சேர்த்துக்கொண்டது. செஷன் வைப்பதற்கு இரண்டில் எதுவும் போதும்.

தொலைவு இந்நாட்டில் தனியாகக் கணக்கிட வேண்டிய ஒன்று. மைக்ரோசாஃப்டின் அசூர் 2019-இலும் கூகுள் 2024-இலும் ஜோகன்னஸ்பர்க்கில் தம் கிளவுட் மையங்களைத் திறந்தன. அமேசான் 2020-இல் கேப் டவுனைத் தேர்ந்தெடுத்தது. இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,270 கி.மீ. ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும் என்பதால், போய்வர 12 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். நிரல் ஒரு நகரத்திலும் செஷன் மற்றொரு நகரத்திலும் இருந்தால், ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் இந்தத் தாமதம் உண்டு. ஐரோப்பாவில் உள்ள வாடகை ரெடிஸ் என்றால் தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டும். தகவல் நாட்டுக்கு வெளியே செல்வதைப் பற்றிய போப்பியா 72-ஆம் பிரிவையும் அப்போது பார்க்க வேண்டியிருக்கும்.

(ரெடிஸைப் போன்ற மற்றொரு கிடங்கான மெம்கேஷ்டைப் பற்றியும் சிலர் கேட்கலாம். அது கேச்சாகப் பிறந்தது. இடம் போதாவிட்டால் எதையும் தள்ளிவிடும், சர்வர் விழுந்தால் எதையும் நினைவில் வைத்திராது. செஷனுக்கு வேண்டாம்.)

ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளம்

செஷனைத் தரவுத்தளத்தில் வைப்பதா, மெதுவாக இருக்குமே என்பதே வழக்கமான மறுமொழி. பெரிய தளங்களுக்கு அது நியாயமான கவலை. நம் கடையிலோ, ஒரு பக்கத்தைக் காட்டவே தரவுத்தளத்தைப் பலமுறை கேட்டாக வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் உரிய அடையாளமான முதன்மைச் சாவியைக் கொண்டு அட்டவணையின் ஒரே ஒரு சிறு வரிசையைக் கூடுதலாகத் தேடுவது அதில் கரைந்துபோகும். புதிய மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை, காப்புப் பிரதிக்குப் புது ஏற்பாடு வேண்டியதில்லை, நள்ளிரவில் நம்மை எழுப்பக்கூடிய இயந்திரங்களின் எண்ணிக்கையும் கூடுவதில்லை. ஓரிருவர் பராமரிக்கும் தளத்தில் இந்தக் கடைசிக் காரணத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

மோதலைக் கையாளும் கருவிகளும் இங்கேதான் மிகுதி. கூடையை ஒரு பொட்டலமாக வைக்காமல், கூடை எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்து ஒரு சாவியாக அமைந்த வரிசைகளாக வைக்கலாம். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல், வரிசை இல்லையென்றால் சேர், இருந்தால் அளவைக் கூட்டு என்பதை ஒரே கட்டளையில் சொல்ல முடிகிறது. தேங்காயும் வெற்றிலையும் வெவ்வேறு வரிசைகள் என்பதால் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, இரண்டு தேங்காய்க் கோரிக்கைகள் வந்தாலும் இரண்டும் கூட்டப்படுகின்றன. பழைய நிலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடங்களில் ஒவ்வொரு வரிசையிலும் பதிப்பு எண் ஒன்றைச் சேர்த்து, நான் படித்த பதிப்பு இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் எழுது என்று கேட்கலாம். எழுதப்பட்ட வரிசைகள் பூச்சியம் என்று பதில் வந்தால், மறுபடி படித்து முயல வேண்டும். ரெடிஸில் கிடைக்காத வசதி மற்றொன்று: கூடை, கையிருப்பு, ஆர்டர் ஆகிய மூன்றும் ஒரே பரிவர்த்தனைக்குள் (எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற தொகுப்புக்குள்) அடங்கும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கடைசியாகப் பயனர் வந்த நேரத்தை ஒவ்வொரு கோரிக்கையிலும் எழுதினால், போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு முறையும் பழைய வரிசையைச் செத்ததாக விட்டுப் புதியதை எழுதும்; அந்தக் குப்பையைக் கூட்டுவதற்கே தரவுத்தளம் உழைக்கும். பதிந்த நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதானால் மட்டும் எழுது என்று வைத்தால் இந்தச் சுமை பெரும்பாலும் மறைந்துவிடும். வேகத்துக்காக, மாற்றங்களைப் பதிவேட்டில் எழுதாத அன்லாக்ட் அட்டவணையை நாடுவோர், சர்வர் முறையின்றி விழுந்தால் அந்த அட்டவணை முழுவதும் காலியாகிவிடும் என்பதை அறிந்தே நாட வேண்டும். கூடைக்கு அது ஆகாது.

பூட்டுவதா, எழுதுவதைக் குறைப்பதா

செஷன் முழுவதையும் ஒரு கோரிக்கை முடியும்வரை பூட்டிவைப்பது பழைய தீர்வு. பி.எச்.பி. மொழி தன் இயல்பான கோப்புச் செஷனில் இதையே செய்கிறது: செஷனைத் திறந்ததும் கோப்பு பூட்டப்படும், நிரல் முடியும்போதோ, எழுதி மூடு என்று நாம் சொல்லும்போதோதான் திறக்கும். மைக்ரோசாஃப்டின் பழைய இணையக் கட்டமைப்பான ஏ.எஸ்.பி. டாட் நெட்டும் எழுதும் கோரிக்கைகளுக்குத் தனிப் பூட்டு வைத்தது. எதுவும் தொலையாது, ஆனால் ஒரு பயனரின் கோரிக்கைகள் வரிசையில் நிற்கும், ஒன்று தாமதித்தால் அத்தனையும் தாமதிக்கும். அதே நிறுவனம் பின்னர் ஏ.எஸ்.பி. டாட் நெட் கோரை எழுதியபோது பூட்டைக் கைவிட்டு, கடைசியில் எழுதியது நிலைக்கும் என்று ஆவணத்திலேயே சொல்லிவிட்டது. பைத்தான் மொழிக்கான ஜாங்கோ கட்டமைப்பும் மாறிய செஷனை ஒரே பொட்டலமாக எழுதுகிறது. இரு பக்கமும் அனுபவம் உள்ளவர்கள் எடுத்த முடிவுகள்தான்; ஆகவே பூட்டு நல்லதா கெட்டதா என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சொல்லக்கூடியது இது: பூட்டைப் பிடித்துக்கொண்டு வலையமைப்பின் வழியே வேறொருவரை அழைக்கக்கூடாது. பணம் செலுத்தும் சேவை ஒன்றின் பதிலுக்காகப் பத்து விநாடி காத்திருக்கும் த்ரெட், செஷன் வரிசையின் பூட்டையும் தரவுத்தள இணைப்பையும் கூடவே பிடித்திருந்தால், பொறுமையிழந்த வாங்குபவர் அழுத்தும் ஒவ்வொரு முறையும் மேலும் ஒரு த்ரெட் அந்தப் பூட்டுக்காக நிற்கும். இணைப்புத் தொகுப்பு வற்றியதும், சம்பந்தமே இல்லாத வாங்குவோரும் வெளியே நிற்பார்கள். இருமுறை அழுத்தியதால் இருமுறை பணம் எடுக்கப்படுவதைத் தடுப்பது செஷன் பூட்டின் வேலையே அன்று. பணம் செலுத்தும் பக்கத்தைக் காட்டும்போதே ஒரு தனி எண்ணைக் கொடுத்து, ஆர்டர் அட்டவணையில் அந்த எண் ஒருமுறைதான் இருக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்தால், இரண்டாவது முயற்சியைத் தரவுத்தளமே மறுத்துவிடும். இந்தப் பாதுகாப்பு எந்தச் சர்வர் விழுந்தாலும் நிற்கும்.

எழுதுவதைக் குறைப்பது இதைவிட ஆழமான தீர்வு. எழுதப்படாத ஒன்றில் மோதல் நேராது. பயனர் எண், கூடை எண், உள்நுழைந்த நேரம், படிவங்களைக் காக்கும் ரகசிய எண் ஆகிய நான்கை மட்டும் செஷனில் வைத்தால், உள்நுழையும்போது ஒருமுறை எழுதப்பட்டு, பிறகு படிக்கப்பட மட்டுமே செய்யும். கூடையும் முகவரியும் செஷனின் பகுதிகளே அல்ல. அவை கடையின் தரவு, கைப்பேசியில் சேர்த்ததை வீட்டுக் கணினியில் காண வாங்குபவருக்கு உரிமையும் உண்டு.

இந்தக் கடைக்கு

ஆகவே என் தேர்வு: கூடையையும் முகவரியையும் போஸ்ட்கிரெஸின் முறையான அட்டவணைகளுக்கு மாற்றுவது, எஞ்சும் சிறு செஷனையும் அதே போஸ்ட்கிரெஸில் வைப்பது. இரண்டு சர்வர்களும் ஒட்டவைத்தல் இன்றிச் சமமாக ஓடலாம். செஷன் தேடல்கள் தரவுத்தளத்துக்குச் சுமையாவதை அளந்து கண்ட பிறகோ, ரெடிஸ் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வந்து அதைப் பராமரிக்க ஓர் ஆள் இருக்கும்போதோ, அந்தச் சிறு செஷனை மட்டும் ரெடிஸுக்கு நகர்த்தலாம். கூடை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முன்பே ரெடிஸ் ஓடிக்கொண்டிருக்கும் கடைக்கு இந்த வரிசை தலைகீழாகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செஷன் எண்ணைப் பாதுகாப்பான ஆதாரத்திலிருந்து 128 பிட் சீரற்ற எண்ணாக உருவாக்கி, உள்நுழைந்ததும் புதிதாக மாற்ற வேண்டும். அட்டவணையில் அந்த எண்ணை அப்படியே வைக்காமல் அதன் ஹேஷை (அதிலிருந்து கணக்கிட்ட, மூல எண்ணைத் திரும்பக் காண முடியாத குறியீட்டை) வைத்தால், காப்புப் பிரதி ஒன்று யார் கையில் சிக்கினாலும் உயிருள்ள செஷன்கள் அவர் கைக்குப் போகா. வெளியேறும்போது வரிசையை நீக்க வேண்டும்; அதே கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கோரிக்கை தன் பிரதியைச் சேமிக்க முயலும் என்பதால், சேமிப்புக் கட்டளை இருக்கும் வரிசையைப் புதுப்பிப்பதாக மட்டும் இருக்க வேண்டும். இல்லாத வரிசையை அது உருவாக்குமானால், வெளியேறிய பயனர் தாம் அறியாமலே மறுபடி உள்ளே இருப்பார்.

தீபாவளி முடிந்து தைப்பூசத்துக்கு முன்னுள்ள இடைவெளியே இந்த வேலைக்கு உகந்த காலம். முதலில் ஒரே சர்வர் இருக்கும்போதே கூடையை வெளியே எடுத்துவிட வேண்டும்; இரண்டாவது சர்வரையும் புதிய கூடையையும் ஒரே நாளில் கொண்டுவந்தால், பிழை எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. பிறகு ஒரே செஷன் எண்ணோடு, ஒரே பொருளை ஒன்று சேர் என்னும் 50 கோரிக்கைகளை இரு சர்வர்களுக்கும் ஒருங்கே அனுப்பிப் பார்க்க வேண்டும்: கூடையில் அளவு சரியாக 50 இருக்க வேண்டும். அடுத்து, அதே சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அப்போது கூடையின் அளவு, வெற்றி என்று திரும்பி வந்த பதில்களின் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. பதிவாகிப் பதில் மட்டும் அறுபட்ட கோரிக்கைகள் இருக்கக்கூடும் என்பதால் ஒன்றிரண்டு கூடலாம். குறைந்தால், கூடையை இன்னும் எங்கோ ஒரு நிரற்பகுதி படித்துத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டாவது சர்வரைத் திறக்கக்கூடாது.